எலியா, எருதா? சீன ஆண்டு விலங்கையும் மூலகத்தையும் கணித்துக் குணம் பார்க்கும் முறை

கேட்கப்பட்ட கேள்வி இது: "1985 பிப்ரவரி 10, காலை 8 மணிக்குச் சென்னையில் பிறந்தேன். ஒரு இணையதளம் என்னை மர எலி என்கிறது. இன்னொன்று மர எருது என்கிறது. மலேசியாவிலிருந்து வந்த சீன நாள்காட்டியில் அந்த ஆண்டுக்கு உலோகம் என்று போட்டிருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? இந்த மூலகம் என் குணத்தைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது?"

மூன்றுமே சரியான கணக்கில் வந்தவைதான். கணக்குகள்தான் வேறு வேறு. ஆனால் நீங்கள் கேட்பது குணத்தைப் பற்றி என்பதால், இந்த மூன்றில் எதுவும் முதல் பதிலாக முடியாது. சீன மரபில் ஒருவரின் சுபாவத்தைப் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாகப் பிறந்த ஆண்டைவிடப் பிறந்த நாளின் மூலகத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அதை உங்கள் பிறந்த தேதியை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

சீனப் புத்தாண்டு அமாவாசையைப் பிடித்து வருவது. டிசம்பர் 21, 22 வாக்கில் வரும் குளிர்கால அயனத்துக்குப் பிறகு இரண்டாவது அமாவாசை, அதிக மாதம் வரும் சில ஆண்டுகளில் மூன்றாவது. அதனால் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவே ஏதாவது ஒரு நாளில் விழும். 1985-இல் அது கடைசி எல்லையான பிப்ரவரி 20-இல் விழுந்தது. நீங்கள் பிறந்தது அதற்குப் பத்து நாள் முன்பு. எனவே ஊர் வழக்கில் நீங்கள் எலி ஆண்டுக்காரர். சிங்கப்பூரிலோ பினாங்கிலோ சீன நண்பர் ஒருவர் கேட்டால் "எலி" என்று சொல்லுங்கள், அதுதான் அவர்கள் புரிந்துகொள்ளும் பதில்.

ஜாதகம் கணிப்பவர்கள் அமாவாசையைப் பார்ப்பதில்லை, சூரியனைப் பார்ப்பார்கள். வானில் தன் ஆண்டுப் பாதையில் சூரியன் 315 பாகையைத் தொடும் கணத்தை வசந்தத்தின் தொடக்கம் என்கிறார்கள். சீன மொழியில் லி சுன். இது பெரும்பாலும் பிப்ரவரி 4, சில ஆண்டுகளில் 3 அல்லது 5. 1985-இல் பிப்ரவரி 4. நீங்கள் அதைத் தாண்டிப் பிறந்தவர் என்பதால் ஜாதகக் கணக்கில் எருது ஆண்டு தொடங்கிவிட்டது.

இதோடு முடியவில்லை. வியட்நாமில் பிறந்திருந்தால் ஊர் வழக்கிலும் நீங்கள் எலியாக இருந்திருக்க மாட்டீர்கள். அங்கே 1985-ஆம் ஆண்டின் புத்தாண்டு ஜனவரி 21-ஆம் தேதியே வந்துவிட்டது, சீனாவுக்கு ஒரு மாதம் முன்னால். காரணம் ஒரு மணி நேர வித்தியாசம். 1984 டிசம்பரில் அயனம் பெய்ஜிங் கடிகாரப்படி 22-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நிகழ்ந்தது, ஹனோய் கடிகாரப்படி 21-ஆம் தேதி இரவு பதினொன்றரைக்குள். அமாவாசை 22-ஆம் தேதி. அயனம் எந்த மாதத்தில் விழுகிறதோ அதுதான் பதினோராவது மாதம் என்பது விதி. அதனால் சீனாவில் பதினோராவது மாதம் 22-ஆம் தேதிதான் தொடங்கியது, வியட்நாமிலோ அதற்கு முந்தின நாளே முடிந்து, 22-ஆம் தேதி அடுத்த மாதம் பிறந்துவிட்டது. ஜப்பானில் இந்தச் சிக்கலே கிடையாது. 1873-இல் மேலை நாள்காட்டிக்கு மாறியதிலிருந்து அங்கே ஆண்டு விலங்கும் ஜனவரி 1-ஆம் தேதியே மாறிவிடுகிறது. விலங்குகளிலும் சிறு மாற்றங்கள் உண்டு: வியட்நாமில் முயலின் இடத்தில் பூனை, எருதின் இடத்தில் எருமை, ஜப்பானில் பன்றி என்றால் காட்டுப்பன்றி.

ஆக, ஜனவரி 1-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் பிறந்தவர்கள் ஆண்டு எண்ணை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது. மற்றவர்களுக்கு இந்த எளிய கணக்கு போதும்.

ஆண்டை 12-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 0 குரங்கு, 1 சேவல், 2 நாய், 3 பன்றி, 4 எலி, 5 எருது, 6 புலி, 7 முயல், 8 டிராகன், 9 பாம்பு, 10 குதிரை, 11 ஆடு. மூலகத்துக்கு ஆண்டின் கடைசி இலக்கம் போதும். 0, 1 உலோகம். 2, 3 நீர். 4, 5 மரம். 6, 7 நெருப்பு. 8, 9 மண். இரட்டைப்படை ஆண்டு யாங் (வெளிப்படும் ஆற்றல்), ஒற்றைப்படை யின் (அடங்கும் ஆற்றல்). 2026-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 10, கடைசி இலக்கம் 6. யாங் நெருப்புக் குதிரை.

இந்த மூலகம் பத்துத் 'தண்டு'களிலிருந்து வருகிறது: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற வரிசையில் ஐந்து மூலகம், ஒவ்வொன்றும் முதலில் யாங்காகவும் பிறகு யின்னாகவும் இரண்டு. விலங்குகள் எலியில் தொடங்கும் பன்னிரண்டு 'கிளை'கள். யாங் தண்டு யாங் கிளையோடு மட்டுமே சேரும், யின் யின்னோடு மட்டும். அதனால்தான் 120 சேர்க்கை வராமல் 60-இல் சுற்று முடிகிறது. நம் பிரபவ முதல் அட்சய வரையான சுற்றுக்கும் அதே அறுபது ஆண்டுகள்தான். நம்முடையது கடைசியாக 1987-இல் தொடங்கியது, சீனர்களுடையது 1984-இல். திபெத்தியர்கள் காலசக்கரம் என்ற பௌத்த மரபோடு இந்தியச் சுற்றை எடுத்துக்கொண்டு 1027-இல் தங்கள் எண்ணிக்கையைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் ஆண்டு நெருப்பு முயல். 1987-உம் நெருப்பு முயல்தான். நம் பிரபவ ஆண்டும் சீன மூலக-விலங்குப் பெயரும் ஒரே ஆண்டில் கைகோத்து நிற்பதைத் திபெத்திய நாள்காட்டியில் நேரடியாகப் பார்க்கலாம். நீங்கள் பிறந்தது தமிழ்க் கணக்கில் ரக்தாட்சி ஆண்டின் தை மாதக் கடைசி.

சரி, மூலகம். இதை ஐம்பூதத்தோடு சேர்த்துப் பார்த்தால் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும். சீன ஐந்தில் காற்றும் ஆகாயமும் இல்லை, மரமும் உலோகமும் இருக்கின்றன. அவை பொருள்களைக் குறிப்பவையும் அல்ல. ஒரு ஆண்டுக்குள் இயற்கையின் ஆற்றல் கடக்கும் ஐந்து நிலைகள். முளைத்து மேலெழுவது மரம், வசந்தம். விரிந்து உச்சிக்குப் போவது நெருப்பு, கோடை. சுருங்கி இறுகுவது உலோகம், இலையுதிர் காலம். அடங்கிச் சேமிப்பது நீர், குளிர்காலம். ஒவ்வொரு பருவத்தின் கடைசியிலும் சுமார் 18 நாள் மாறுதல் காலம் மண்ணுக்கு உரியது. இவற்றுக்குள் இரண்டு உறவுகள். ஒன்று ஊட்டும் சுற்று: மரம் நெருப்பை, நெருப்பு மண்ணை, மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மரத்தை ஊட்டுகிறது. இன்னொன்று அடக்கும் சுற்று: மரம் மண்ணை, மண் நீரை, நீர் நெருப்பை, நெருப்பு உலோகத்தை, உலோகம் மரத்தை அடக்குகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீனச் சிந்தனையாளர் ட்ஸோ யென் இதை ஒரு கோட்பாடாகத் தொகுத்தவர் என்பார்கள்.

குணம் எங்கிருந்து வருகிறது? ஹான் அரச வம்சக் காலத்து அறிஞர்கள் ஐந்து அறங்களை ஐந்து மூலகங்களோடு பொருத்தினார்கள். மரத்துக்குப் பரிவு. நெருப்புக்கு முறையும் மரியாதையும். மண்ணுக்கு வாக்குத் தவறாமை. உலோகத்துக்கு நியாய உணர்வு. நீருக்கு அறிவுக்கூர்மை. இன்று இணையத்தில் "நெருப்பு என்றால் முன்கோபம்" என்று எழுதுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சீன மருத்துவ மரபில் கோபம் மரத்துக்கு உரியது, கல்லீரலோடு சேர்ந்தது. நெருப்புக்கு உரிய உணர்ச்சி மகிழ்ச்சி. மண்ணுக்கு ஓயாத யோசனை, உலோகத்துக்குத் துக்கம், நீருக்கு அச்சம். நெருப்பு மிகுந்தவர் என்று அந்த மரபு சொல்லும்போது, உற்சாகம் பொங்குகிறவர், சபை நடத்தை தெரிந்தவர், ஆனால் நீடித்து நிற்க எரிபொருள் தேவைப்படுபவர் என்றே பொருள்.

அடுத்தது பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடும் இடம். ஒவ்வொரு விலங்குக்கும் சொந்தமாக ஒரு மூலகம் இருக்கிறது, அது ஆண்டுக்கு ஆண்டு மாறாது. புலியும் முயலும் மரம். பாம்பும் குதிரையும் நெருப்பு. குரங்கும் சேவலும் உலோகம். பன்றியும் எலியும் நீர். எருது, டிராகன், ஆடு, நாய் நான்கும் மண். ஆண்டு எண்ணிலிருந்து வரும் மூலகம் இதன் தலைமேல் வந்து உட்காருகிறது. எனவே "மரக் குதிரை" என்பதைக் குதிரையின் குணம் கூட்டல் மரத்தின் குணம் என்று படிக்கக் கூடாது. மேலே மரம், கீழே நெருப்பு, இரண்டுக்கும் என்ன உறவு என்றுதான் படிக்க வேண்டும். குதிரையை வைத்தே ஐந்தையும் பார்ப்போம்.

மரக் குதிரை (1954, 2014): மேலிருக்கும் மரம் கீழிருக்கும் நெருப்பை ஊட்டுகிறது. வெளியிலிருந்து ஆதரவு உள்ளே போகிறது. கற்றதும் பிறர் கொடுத்ததும் இவர்களுக்கு வேகமாகச் செயலாகும். ஆனால் மரம் எரிந்து தீர்கிறது, ஆகவே ஒரு வேலையை முடித்தபின் ஓய்வு இல்லையென்றால் வெறுமை தட்டும்.

நெருப்புக் குதிரை (1966, 2026): மேலும் கீழும் நெருப்பு. வெளியே தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்று. மறைக்கத் தெரியாதவர்கள், தலைமைக்குத் தயங்காதவர்கள். அடக்கவோ வடிக்கவோ ஆண்டின் தண்டு, கிளை என்ற இரண்டு எழுத்துக்குள் எதுவும் இல்லை என்பதால், பிறந்த மாதம், நாள், நேரம் ஆகிய மற்ற தூண்களில் (பின்னால் விளக்குகிறேன்) நீரும் மண்ணும் இருக்கின்றனவா என்பது இவர்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

மண் குதிரை (1978): கீழிருக்கும் நெருப்பு மேலிருக்கும் மண்ணை உண்டாக்குகிறது. உள்ளேயுள்ள ஆற்றல் கண்ணுக்குத் தெரியும் பலனாக வெளியே வருகிறது. ஐந்து குதிரைகளில் நிதானமானது என்று பெயர் எடுத்தது இதுதான்.

உலோகக் குதிரை (1990): கீழிருக்கும் நெருப்பு மேலிருக்கும் உலோகத்தை உருக்குகிறது. தன்னைத் தானே அழுத்திக்கொள்கிற அமைப்பு. வெளியே உறுதியாகத் தெரிவார்கள், உள்ளுக்குள் ஓய்வற்ற நெருக்கடி இருக்கும். அந்த நெருக்கடியே இவர்களைச் செம்மையாக்கும் என்றும் மரபு சொல்கிறது, உலோகம் உருகித்தான் கருவியாகிறது.

நீர்க் குதிரை (2002): மேலிருக்கும் நீர் கீழிருக்கும் நெருப்பை அடக்குகிறது. கடிவாளம் கையில் இருக்கிறது. சூழலுக்குத் தக்கபடி வளைவார்கள், ஆனால் ஆசைக்கும் எச்சரிக்கைக்கும் இடையில் ஊசலாடி முடிவைத் தள்ளிப்போடுவார்கள்.

மற்ற பதினொரு விலங்குக்கும் இதே ஐந்து கேள்விதான்: மேலே இருப்பது கீழே இருப்பதை ஊட்டுகிறதா, ஒன்றேதானா, அதனால் ஊட்டப்படுகிறதா, அதனால் அடக்கப்படுகிறதா, அதை அடக்குகிறதா. இதைப் பிடித்துக்கொண்டால் அறுபதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்கள் மர எலியில் கீழிருக்கும் நீர் மேலிருக்கும் மரத்தை ஊட்டுகிறது. மர எருதில் மேலிருக்கும் மரம் கீழிருக்கும் மண்ணை அடக்குகிறது. இரண்டும் மரம்தான் என்றாலும் கதை ஒன்றல்ல.

மலேசிய நாள்காட்டியின் உலோகம் எங்கிருந்து வந்தது? அது நா யின் என்ற மூன்றாவது கணக்கு. அறுபது ஆண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து முப்பது ஜோடியாக்கி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் உருவகப் பெயர் கொடுப்பார்கள். 1984-உம் 1985-உம் 'கடலுக்குள் இருக்கும் உலோகம்'. 2026-உம் 2027-உம் 'வான் ஆற்று நீர்', அதாவது நெருப்புக் குதிரையும் இந்தக் கணக்கில் நீர்தான். பஞ்சாங்கங்களிலும் திருமணப் பொருத்தத்திலும் பழைய வழக்கமாக இது இருக்கிறது. குணம் பார்க்க இதைத் தண்டின் மூலகத்தோடு கலக்க வேண்டாம். இரண்டு இணையதளங்கள் வெவ்வேறு மூலகம் சொன்னால் பல நேரம் இதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். டாங் அரச வம்சக் காலத்தில் (7–10-ஆம் நூற்றாண்டு) லி ஷூசோங் போன்றவர்கள் பிறந்த ஆண்டை மையமாக வைத்துப் பலன் பார்த்தார்கள். சோங் வம்சக் காலத்தில் (10–13-ஆம் நூற்றாண்டு) ஷூ ட்ஸுபிங் பெயரால் வழங்கும் முறை வந்து மையத்தைப் பிறந்த நாளின் தண்டுக்கு மாற்றியது. ஆண்டு முன்னோரையும் வெளிச்சூழலையும் காட்டும், மாதம் பெற்றோரையும் பருவத்தையும், நாள் உங்களையும் துணையையும், நேரம் பிள்ளைகளையும் பிற்காலத்தையும். ஒவ்வொன்றும் ஒரு தூண், தூணுக்கு இரண்டு எழுத்து, மொத்தம் எட்டு. அதனால் இதற்கு பா ட்ஸி, எட்டெழுத்து என்று பெயர். ஒரே ஆண்டில் பிறந்த கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே குணம் எப்படி இருக்கும் என்ற நியாயமான கேள்விக்கு மரபு தந்த விடை இது.

நாளின் தண்டைக் கையாலேயே போடலாம். 2000 ஜனவரி 1-ஆம் நாள் பத்துத் தண்டில் ஐந்தாவது (யாங் மண்), பன்னிரண்டு கிளையில் ஏழாவது (குதிரை). அதிலிருந்து உங்கள் பிறந்த நாள் வரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் மீதியைப் பின்னால் எண்ண வேண்டும், பின் பிறந்தவர்கள் முன்னால். 1985 பிப்ரவரி 10 அதற்கு 5438 நாள் முன்பு. 10-ஆல் வகுத்தால் மீதி 8. ஐந்திலிருந்து எட்டு பின்னால் போக ஏழாவது தண்டு, யாங் உலோகம். 12-ஆல் வகுத்தால் மீதி 2. ஏழிலிருந்து இரண்டு பின்னால் ஐந்தாவது கிளை, டிராகன். விடையைச் சரிபார்க்க ஒரு நாள் சொல்கிறேன்: 1949 அக்டோபர் 1, சீன மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்ட நாள், முதல் தண்டும் முதல் கிளையும் சேர்ந்தது. உங்கள் கணக்கு அதற்கு 'யாங் மரம், எலி' என்று விடை தந்தால் முறை சரியாக இருக்கிறது. இதில் பெரும்பாலும் தவறுவது லீப் ஆண்டு நாளை விட்டுவிடுவதில்தான். ஒரு நாள் பிசகினால் மூலகமோ யாங்-யின்னோ மாறிவிடும்.

மாதக் கிளை சூரியனின் பாகையைப் பொறுத்தது. பிப்ரவரி 4 வாக்கிலிருந்து மார்ச் 5 வாக்கு வரை புலி மாதம். மாதத் தண்டு ஆண்டுத் தண்டிலிருந்து கிடைக்கும்: யின் மர ஆண்டுக்கு (1985) புலி மாதம் யாங் மண்ணில் தொடங்கும். நேரக் கிளை இரண்டு மணிக்கு ஒன்று, இரவு 11 முதல் 1 வரை எலி, அடுத்தது எருது, இப்படியே காலை 7 முதல் 9 வரை டிராகன். உங்கள் நாள் தண்டுக்கு டிராகன் நேரத்தின் தண்டு யாங் உலோகம்.

நேரம் என்றால் சூரிய நேரம். இங்கேதான் தமிழர்களின் ஜாதகங்கள் அதிகம் தடுமாறுகின்றன. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கைப் பிடித்தது, சென்னை சுமார் 80.27 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் 9 நிமிடம் பின்னால். பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்தைவிட மேலும் 14 நிமிடம் தாமதம். உங்கள் 8 மணி உண்மையில் 7.37, டிராகனுக்குள்தான் இருக்கிறது. 7.15-க்குப் பிறந்திருந்தால் 6.52 ஆகி முயல் நேரத்துக்குப் போயிருக்கும். சிங்கப்பூரில் இது பெரிய தாண்டல். 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் அரை மணி முன்னால் நகர்ந்து பெய்ஜிங் நேரத்தோடு சேர்ந்தன. அதனால் அங்கே கடிகாரம் சூரியனைவிட ஒரு மணிக்கும் அதிகமாக முந்தி ஓடுகிறது. 1982-க்கு முன் பிறந்தவர்களுக்கு அரை மணிக்குச் சற்று அதிகம். இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்தார்கள், அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டில் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பிறந்தவர்கள் எந்த மென்பொருளிலும் நேர மண்டலத்தைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். இரவு 11-க்கும் 12-க்கும் நடுவே பிறந்தவர்களுக்கு நாள் 11-இலேயே மாறிவிடுமா, நள்ளிரவில் மாறுமா என்பதில் கணிப்பவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. அவர்கள் இரண்டு நாளையும் போட்டுப் படித்துப் பார்க்க வேண்டியதுதான்.

உங்கள் எட்டெழுத்து இப்படி வருகிறது. ஆண்டு: யின் மரம், எருது. மாதம்: யாங் மண், புலி. நாள்: யாங் உலோகம், டிராகன். நேரம்: யாங் உலோகம், டிராகன்.

நீங்கள் யாங் உலோகம். மரபில் இதற்குச் சொல்லும் உருவம் கோடரி, சுத்திகரிக்காத தாது. எடுத்த முடிவில் நிற்பது, நியாயம் என்று பட்டதற்காகச் சண்டை போடுவது, நயமாகப் பேச வராதது. ஆனால் பிறந்த பருவம் வசந்தத் தொடக்கம், அப்போது மரம் ஆட்சியில், உலோகம் தளர்ந்த நிலையில். தளர்ந்த உலோகத்தைத் தாங்குவது சுற்றிலும் இருக்கும் மண்: மாதத் தண்டு, இரண்டு டிராகன், ஒரு எருது. எட்டில் நான்கு மண். இது ஆதரவுதான், அளவுக்கு மீறியும் இருக்கிறது. மண் மிகுந்தால் உலோகம் புதையும் என்பது பழைய வாக்கு. திறமை இருந்தும் வெளிக்காட்டத் தயங்குவது, குடும்பமும் பெரியவர்களும் நிறையத் தாங்கிப் பிடிப்பதால் தன் முனைப்பு தாமதமாவது, பழகிய இடத்தை விட்டு நகர மனமில்லாதது என்று படிப்பார்கள். மண்ணைக் கிளறுவது மரம். புலி மாதத்திலும் ஆண்டுத் தண்டிலும் மரம் இருக்கிறது. உலோகத்துக்கு மரம்தான் வசப்படுத்திக்கொள்ளும் பொருள், மரபின் பேச்சில் செல்வம். எனவே புதிதாக எதையாவது தொடங்கும்போது உங்கள் கூர்மை வெளிவரும் என்பது இந்த அமைப்பின் சாரம். எலியா எருதா என்பது இதில் எவ்வளவு சின்ன இடம் பிடிக்கிறது பாருங்கள்.

இப்போது ஒரு மென்பொருள் உங்களிடம் "நெருப்பு 0, நீர் 0, சிவப்பு அணியுங்கள், மீன்தொட்டி வையுங்கள்" என்று சொல்லும். நம்ப வேண்டாம். கிளைகளுக்குள் மறைந்த தண்டுகள் உண்டு. புலிக்குள் மரத்தோடு யாங் நெருப்பும் யாங் மண்ணும் இருக்கின்றன. டிராகனுக்குள் மண்ணோடு யின் மரமும் யின் நீரும். எருதுக்குள் மண்ணோடு யின் நீரும் யின் உலோகமும். ஆக உங்களுக்கு நெருப்பும் உண்டு, நீர் மூன்று இடத்தில் உண்டு. மேலே தெரியவில்லை, அவ்வளவுதான். குணத்தில் மறைந்த மூலகம் தேவைப்படும்போது மட்டும் தலைகாட்டும் பண்பாகப் படிக்கப்படுகிறது. இன்னொரு பிழை: இல்லாத மூலகம் எப்போதும் தேவையான மூலகம் என்று நினைப்பது. தேவை என்பது எண்ணிக்கையால் வருவதில்லை, நாள் தண்டு பருவத்தில் வலுவாக இருக்கிறதா என்பதால் வருகிறது. வலுவான நெருப்புக்காரருக்கு மரம் ஒன்றுகூட இல்லாதது நல்லதாகவே இருக்கலாம்.

விலங்குகளின் குணப் பட்டியலை எவ்வளவு பாரமாக எடுத்துக்கொள்வது என்பதற்கு அதன் பழைய வரலாறு உதவும். 1975-இல் சீனாவின் ஹூபெய் மாநிலத்தில் ஷுயிஹுடி என்ற இடத்தில் கி.மு. 217 வாக்கில் மூடப்பட்ட ஒரு சின் அரச வம்சக் காலக் கல்லறையில் மூங்கில் பட்டைகள் கிடைத்தன. அவற்றில் கிளைகளோடு விலங்குகளைச் சேர்த்த மிகப் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. அது எழுதப்பட்டது திருடனைக் கண்டுபிடிக்க! எலி நாளில் திருட்டுப் போனால் திருடனுக்குக் கூர்த்த வாய், அடர்த்தியில்லாத தாடி, கைவேலையில் சாமர்த்தியம், கறுத்த நிறம் என்று அது சொல்கிறது. விலங்குகள்கூட அப்போது முழுதாக நிலைபெறவில்லை. இன்று குதிரை இருக்கும் கிளையில் மான் இருந்தது, ஆட்டின் கிளையில் குதிரை இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சோங் என்ற சிந்தனையாளர் இன்றைய பன்னிரண்டையும் மூலகத்தோடு சேர்த்துக் கேள்வி எழுப்பினார்: நீர் நெருப்பை வெல்லும் என்றால் எலி ஏன் குதிரையை விரட்டவில்லை? உலோகம் மரத்தை வெல்லும் என்றால் சேவல் ஏன் முயலைக் கொத்தவில்லை? விலங்கை நிஜ விலங்காக எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கிளை என்பது காலத்தின் பெயர், விலங்கு அதை நினைவில் வைக்க உதவும் அடையாளம்.

இதை மறந்ததால் மனிதர்களுக்கு நேர்ந்தது சின்ன விஷயமல்ல. ஜப்பானில் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்ற நம்பிக்கை எடோ காலத்திலிருந்து (1603–1868) பரவியது. 1683-இல் தீ வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஓஷிச்சி என்ற காய்கறிக் கடைக்காரரின் மகள் 1666-இல், அதாவது நெருப்புக் குதிரையில் பிறந்தவள் என்று கதை கட்டினார்கள். 1906-இல் பல குடும்பங்கள் பெண் குழந்தையின் பிறந்த தேதியை மாற்றிப் பதிந்தன. 1965-இல் ஜப்பானில் சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1966-இல் 13.6 லட்சம். அடுத்த ஆண்டே 19.4 லட்சம். சீனாவில் நெருப்புக் குதிரைப் பெண்ணுக்கு இந்தப் பழி இல்லை, அங்கே பழி சுமந்தது ஆடு: "பத்து ஆட்டில் ஒன்பதுக்குக் குறை" என்று பேசி 1979, 1991, 2003, 2015-இல் பிறந்த பெண்களை வருத்தினார்கள். டிராகனுக்கு நேர் எதிர். சிங்கப்பூரில் 1987-இல் ஒரு பெண்ணுக்கு 1.62 குழந்தை என்றிருந்த விகிதம் 1988 டிராகன் ஆண்டில் 1.96 ஆனது. அப்போது அரசும் அதிகக் குழந்தை பெற ஊக்குவிக்கத் தொடங்கியிருந்தது. 2024 டிராகன் ஆண்டில் அது 0.97-இலேயே நின்றது.

பொருத்தம் பற்றிச் சுருக்கமாக. எலி-டிராகன்-குரங்கு, எருது-பாம்பு-சேவல், புலி-குதிரை-நாய், முயல்-ஆடு-பன்றி ஆகிய மும்மூன்றும் ஒத்துப்போகும். வரிசையில் ஆறு இடம் தள்ளி எதிரே நிற்பவை மோதும்: எலி-குதிரை, எருது-ஆடு, புலி-குரங்கு, முயல்-சேவல், டிராகன்-நாய், பாம்பு-பன்றி. கணிப்பவர்கள் திருமணத்துக்கு ஆண்டுக் கிளையைவிட நாள் கிளையைத்தான் ஒப்பிடுவார்கள். ஆண்டு விலங்கை மட்டும் பார்த்து ஒரு சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பது அந்த மரபின்படியே அரைகுறை வேலை.

2026-இல் வீட்டில் குழந்தை பிறந்தவர்களுக்கு: பிப்ரவரி 2 வரை பிறந்தது இரண்டு கணக்கிலும் மரப் பாம்பு. பிப்ரவரி 3-இலோ 4-இலோ பிறந்திருந்தால் லி சுன் கணத்தை ஊர் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிப்ரவரி 5 முதல் 16 வரை ஊர் வழக்கில் பாம்பு, எட்டெழுத்தில் குதிரை. பிப்ரவரி 17 முதல் இரண்டிலும் நெருப்புக் குதிரை. பெண் குழந்தை என்றால் யாரும் ஜப்பானியக் கதையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள். அந்த இரண்டு எழுத்தை எழுதிவிட்டு, நாள் தண்டு என்னவென்று மேலே சொன்ன கணக்கில் போடுங்கள். அது நீராக இருந்தால் அந்தக் குழந்தை நீர்தான்.